கெடு

நீடாமங்கலம் தாண்டி ஐந்து கண் மதகு.
லஸ்கர் கொட்டகையில் என் மடிக்கணினி,
திரையெங்கும் பச்சைப்பூச்சி.
முறைத் தண்ணீர் திறந்தாயிற்று என்று
இரண்டு தரம் போன் வந்துவிட்டது.

ஒரே ஒரு சில்லு. அதன் வாசலில் நான்கு வேலை.

ஷட்டர் அடிக்கட்டையைத் தொட்டதும்
பத்து மில்லி வினாடிக்குள் மோட்டார் நிற்கவேண்டும்,
பிந்தினால் திருகுதண்டு வளையும்.
நீர்மட்டம் நொடிக்கு ஒருமுறை;
தாமதித்த அளவு ஓடிப்போன தண்ணீருடையது, எறிந்துவிடலாம்.
செயற்பொறியாளர் அலுவலகத்துக்குக் குறுஞ்செய்தி.
அப்புறம், பதிவேடு எழுதும் சின்னவன்.

எல்லாவற்றுக்கும் பெயர் கெடு.
முதலாவது தவறினால் இரும்பு கெடும்,
இரண்டாவது தவறினால் கணக்கு,
மூன்றாவதில் என் பெயர்.
நான்காவதில் ஒன்றும் கெடாது
என்றுதான் நினைத்தேன்.

காகிதத்தில் எல்லாம் அடங்கியது,
நூற்றுக்கு எழுபதுதான், மிச்சம் ஓய்வு.
இருந்தும் இரவு இரண்டு மணிக்கு
மூன்றாம் கண்ணில் ஒரு முனகல்.
பத்தில் நிற்கவேண்டியது நாற்பதில் நின்றது.
லஸ்கர் வடிவழகன் டார்ச்சோடு ஓடித் திரும்பினார்.
"உங்க பொட்டி தூங்கிருச்சும்மா."

தூங்கவில்லை. தடத்தைப் புரட்டினேன்.
நினைவகத்தின் சாவி சின்னவன் கையில்.
சாவிக்காக மோட்டார் நிற்கிறது.
சாவியே தேவைப்படாத குறுஞ்செய்தி
சின்னவனை ஓரம் தள்ளிவிட்டு
டவர் தேடிக்கொண்டிருக்கிறது, சாவகாசமாய்.

போன தையில் கோரையாற்றுப் பாலத்தில்
அறுவடை இயந்திரம் நடுவில் நின்றது, பின்னால் ஆம்புலன்ஸ்.
எதிரே மினி பஸ், வைக்கோல் லாரி, யாரும் பின்வாங்கவில்லை.
சைரன் அலறி அலறித் தொண்டை கட்டியது.
டிரைவர் இறங்கி ஓடினார்.
தனக்கு வழி கேட்கவில்லை,
அறுவடை இயந்திரத்துக்குக் கேட்டார்.

ஒரு வரிதான் மாற்றினேன்.
சாவி கையில் இருக்கும்வரை
சின்னவனுக்கும் மோட்டாரின் அவசரம்.
கொடுத்ததும் பழைய இடம்.

நான்கு மணிக்கு ஐந்து கண்ணும் ஒன்பதில் நின்றன.
குறுஞ்செய்தி அரை நிமிஷம் பிந்திப் போனது,
வசவு உடனே வந்தது.

விடிவதற்குள் இன்னொரு அழைப்பு,
முத்துப்பேட்டைப் பக்கம் கடைமடை.
வயல் பாளம் பாளமா வெடிச்சிருக்கு என்றார்.
சாயங்காலத்துக்குள் தண்ணீர் வந்துவிடும் என்றேன்.

"சாயங்காலம்னா
எத்தனை மணிங்க?"