இன்று வேலைநிறுத்தம்

செவ்வாய் இரவுகளில் அந்த ஃபோன் என்னிடம் இருக்கும்.
பழைய நோக்கியா, பின்மூடிக்கு ஒரு ரப்பர் வளையம்.
ஆறு தெருக்களின் குளிர்பெட்டிக் கதவுகளில்
அதன் எண் ஒட்டியிருக்கிறது,
மருந்துச் சீட்டுக்கும் தண்ணீர் பில்லுக்கும் நடுவே.

மூன்றே முக்காலுக்கு அடித்தது.
"வெளியே போய்விட்டாரா?"
எல்லோரிடமும் முதலில் அதைத்தான் கேட்போம்.
"இல்லை, இருக்கிறாள்" என்றார் தனபாலன்.
பிறகு வெகுநேரம் மூச்சு மட்டும்.
"கையை ஓங்கிவிட்டேன்.
இறக்கத் தெரியவில்லை.
வாங்க."

சாட்ஸ்வர்த் முழுக்க மின்வெட்டு.
இழுவை வண்டியின் மஞ்சள் விளக்கைச் சுழலவிடாமல்
மேடேறினேன்; சுழன்றால்
தெருவே ஜன்னலுக்கு வந்துவிடும்.
வழியில் நொம்புசோ, டார்ச்சோடு,
ஆஸ்பத்திரி ஷூவின் கயிறு கட்டாமல்.
எப்போதும் இருவராகத்தான் போவோம்.
ஒருவர் நோயாளிக்கு.
மற்றவர், நோய் இல்லாதவருக்கு.

கம்பிக் கதவுக்குப் பின்னே லோகநாயகி.
கைப்பை, டிபன் பெட்டி,
ஒரு காலில் அவள் செருப்பு, மறுகாலில் அவருடைய ஷூ.
"பஸ் போயிடும். லேட்டா போனா
அரை நாள் கூலியை வெட்டுவான்."

ஜேக்கப்ஸில் அந்தச் சட்டைத் தொழிற்சாலையை மூடி
இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.
இப்போது அங்கே டயர் அடுக்கியிருக்கிறார்கள்.
முப்பத்தோரு வருடம் காலர் தைத்தவள்.
ஆள் குறைக்கும்போது அங்கே ஒரு விதி உண்டு,
கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே.
அவள் தலைக்குள்ளும் அதே விதிதான் போலும்:
இங்கிலீஷ் முதலில் போனது.
மிஞ்சிய தமிழில் அவள் பேசுகிறாள்.
அவருக்கோ தமிழ்
கோயிலில் கும்பிடும் அளவுக்கு மட்டும்.
மூன்று மாதமாக ஒரே வீட்டில்
கத்திக் கத்திப் பார்த்திருக்கிறார்கள்.

அவர் சமையலறையில் இருந்தார்.
வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து
அதன் மேல் உட்கார்ந்திருந்தார்.
"அடித்தீர்களா?" என்று நான் கேட்கவில்லை.
"கடைசியாக எப்போது தூங்கினீர்கள்?"
"ஞாயிறு."
எந்த ஞாயிறு என்றும் கேட்கவில்லை.
கேஸ் அடுப்பில் தண்ணீர் வைத்தேன்.

வாசலில் நொம்புசோ,
"சௌபோனா, மா."
அவள் திரும்பினாள். பதில் ஜூலுவில் வந்தது,
தடையில்லாமல், தையல் மிஷின் ஓடுகிற மாதிரி.
தனபாலன் நிமிர்ந்து பார்த்தார்:
நாற்பத்து நான்கு வருட மனைவி,
இது அவருக்குத் தெரியாது.
பக்கத்து மிஷினில் யார் இருந்தாளோ.

நொம்புசோ ஏதோ சொல்லிவிட்டு
என்னைப் பார்த்தாள். நான் தமிழில் முடித்தேன்:
"இன்னிக்கு பஸ் இல்லைக்கா. வேலைநிறுத்தம்.
யாரும் போகலை."

"செஞ்சிட்டாங்களா!"
கைப்பை தோளிலிருந்து நழுவியது.
"எத்தனை பர்சன்ட் கேக்கறோம்?"
நான் திணறினேன். "பன்னிரண்டு."
"பதினஞ்சு கேளுங்கடா.
பன்னிரண்டு கேட்டா ஆறுதான் தருவான்."

உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றினாள், ஷூவையும்.
டிபன் பெட்டியைத் திறந்தாள்:
டிவி ரிமோட், ஒரு வேகாத உருளைக்கிழங்கு.
சுற்றிலும் பார்த்தாள், யாருக்குச் சாப்பாடு இல்லை என்று.
கதவோரம் வந்து நின்ற அவரிடம்
உருளைக்கிழங்கை நீட்டினாள்.
"நீங்களும் ஸ்ட்ரைக்கா?"

அவருக்கு ஒரு சொல் புரிந்தது.
"ஆமாம்" என்றார்.
அந்த வலது கை மெதுவாக முன்னே வந்து
அதை வாங்கிக்கொண்டது.

விடியும்வரை நொம்புசோ அவளோடு.
அவர் என் வண்டியின் முன்சீட்டில்
வாய் திறந்து தூங்கினார், உருளைக்கிழங்கு மடியில்.
தகரக் கூரைகள் ஒவ்வொன்றாக நிறம் வாங்கின.
மின்சாரம் வந்ததும் யார் வீட்டிலோ
ரேடியோ தானாகக் கத்தியது.

நாளைக்கும் நாலு மணிக்குக் கிளம்புவாள்.
நோட்டில், புதன் இரவுக்காரர்களுக்கு எழுதிவைத்தேன்:
சாவி பக்கத்து வீட்டு சின்னம்மா பெருமாளிடம்.
ரொட்டி வேண்டும்.
அவரையும் சாப்பிடச் சொல்லவும்.
கேட்டால், பேச்சுவார்த்தை இழுக்கிறது என்று சொல்லுங்கள்.
பதினைந்துக்குக் குறைத்துப் பேச வேண்டாம்.