மூடி திறந்த நேரம்

கோர்வாலிஸில் நவம்பர் பிறந்துவிட்டால்
மழை ஷிப்டுக்கு வருகிற ஆள் மாதிரி:
எட்டு மணிக்குத் தொடங்கி, மதியம் சற்று ஓய்ந்து,
பிறகு இருட்டும்வரை.
இந்த ஊரில்தான்
தண்ணீரைக் காய வைக்க
எனக்குச் சம்பளம்.

நிபந்தனை இவ்வளவுதான்:
துளைக்குள் இருக்கும்வரை காயக் கூடாது.
அட்டையில் பட்டதும் காய வேண்டும்.
இரண்டுக்கும் நடுவே
ஒரு மில்லிமீட்டர் காற்று.

துளையின் அகலம் தலைமுடியில் கால்வாசி.
கிளிசரினைக் கூட்டினால் மை சோம்பிப் போகும்,
மூன்று நாளானாலும் கையில் ஒட்டும்.
குறைத்தால், மரிசெலா காபி எடுத்துத் திரும்புவதற்குள்
பதினாறு துளைகள் கண் மூடியிருக்கும்.
சோதனைத் தாளில் வெள்ளைக் கோடுகள்,
பல் போன சீப்பு.

முன்பு வேலை பார்த்த இடத்தில் கரைப்பான் மை.
சொன்ன பேச்சு கேட்கும்.
தலைவலியோடு வீடு போவேன்;
என் கோட்டு நாற்றத்துக்கு மகன் தள்ளி நிற்பான்.
தண்ணீர் நாறாது, ஆனால் பேச்சும் கேட்காது.
தன்னைத் தானே இறுகப் பிடித்துக்கொண்டு
உருண்டை கட்டி உட்கார்ந்திருக்கும்.
அந்தப் பிடியைத் தளர்த்த
ஆயிரத்தில் மூன்று பங்கு போதும்.
நாலு போட்டால் குப்பி முழுக்க நுரை.

குப்பிகளுக்கு எண் போடுவது வழக்கம்.
இருபத்தாறும் அறுபத்திரண்டும் ஒருநாள் இடம் மாறின.
அன்று சாயங்காலம்
ஒட்டுநாடாவில் தமிழில் எழுத ஆரம்பித்தேன்.
நம் மொழியில் பாதிக் குணம்
மையில்தானே முடிகிறது.

அறுபது டிகிரி உலையில் ஆறு வாரம் கிடப்பது முதுமை.
அடியில் சேறாகப் படிந்தது மடமை.
எழுத்தின் விளிம்பு தாண்டி
மயிர் மயிராக அடுத்த வீட்டுக்குள் நுழைந்தது கயமை.
துளைவாயில் தளும்பி நின்று
கடைசிவரை குதிக்காதது இயலாமை.

"இதில் எதுதான் தேறும்?" என்றார்
ப்ரெண்ட் ஹால்வர்சன்.
"பொறுமை" என்றேன்.
றகரம் அவர் நாக்கில் சிக்கவில்லை.
போர்மை என்று ஏட்டில் ஏறி,
அறிக்கையில் ஏறி,
பெர்ரிப் பெட்டிக்காரர்கள் முன்னால் திரையில்
கொட்டை எழுத்தில் நின்றது.
திருத்தவில்லை நான்.
பதினாலு மாதம் நடந்ததற்கு
அந்தப் பெயரும் பொருத்தம்தான்.

விநாடிக்கு எட்டாயிரம் துளி.
ஸ்ட்ரோப் வெளிச்சத்தில் அவை அந்தரத்தில் நிற்கும்:
ஒரு தலை, நீண்ட வால்,
வால் அறுந்து, பின்னால் ஒரு பொடித்துளி,
பள்ளிப் பேருந்தைத் துரத்துகிற பிள்ளை போல.
மற்ற எல்லா மையிலும் அது பேருந்தைத் தவறவிட்டு
எழுத்துக்குப் பக்கத்தில் புள்ளியாய் விழும்.
பொறுமையில்தான்
அட்டைக்கு ஒரு மயிரிழை முன்னால்
எட்டிப் பிடித்து, ஏறி, உள்ளே போயிற்று.
"ஏறிட்டான்!" என்கிற அர்த்தத்தில்
ஸ்பானிஷில் ஏதோ கத்தினாள் மரிசெலா.
மூடி திறந்து நாற்பது நிமிடம் ஆகியும்
முதல் துளி நேராகவே விழுந்தது.
அன்றைக்கு மழையில் குடை விரிக்காமல்
காருக்கு நடந்தேன்.

ஜூலையில், பழம் வந்தது.
குளிரறையிலிருந்து எடுத்த பெட்டி
வெயில் பட்டதும் வியர்க்கத் தொடங்கும்.
பண்ணையின் பெயர், பறித்த தேதி,
கொத்தாய் நீலப் பழங்களின் படம்,
ஓரத்தில் மஜந்தாவில் ஒரு இலைக்காம்பு,
எல்லாவற்றின் மேலும் பொடிப்பொடியாய்த் தண்ணீர்.
ஆள்காட்டி விரலால் பத்து முறை தேய்த்தேன்.
நீலம் நின்றது.
கறுப்பு நின்றது.
விரலைத் திருப்பினால்
வாக்குச்சாவடியிலிருந்து வந்தவள் மாதிரி
நுனியில் மஜந்தா.

ப்ரெண்ட் பார்த்தார், பேசவில்லை.
குழாயடியில் கழுவினேன்.
சோப்புகூட வேண்டியிருக்கவில்லை, போய்விட்டது.
அதுதான் கோளாறு.

புது நாடா கிழித்துக்
குப்பி மேல் ஒட்டினேன்.
சொல் ஒன்றும் வரவில்லை.
எண்ணையே எழுதினேன்:
நூற்றுப் பதினெட்டு.