பதினான்காம் தூண்

கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பார்கள்.
இந்தப் பக்கம் நாய்கள் நிறைய.
கல்தான் கிடையாது.
மன்னார்குடியிலிருந்து கடல்வரைக்கும்
எந்த வயலைத் தோண்டினாலும் களி,
அதற்கடியில் மணல், அப்புறம் உப்புத் தண்ணீர்.
ஒரு நாயை விரட்டக்கூட
புதுக்கோட்டைப் பக்கமிருந்து வண்டி வரவேண்டும்.
அப்படி என்றைக்கோ வந்திறங்கியவைதான்
இந்த மண்டபத்தின் இருபத்தெட்டுத் தூண்களும்.

மாசியில் ஓர் இரவு
உத்திராபதியின் பொம்மைக்கடை எரிந்தது.
பிளாஸ்டிக் கிளி, பிளாஸ்டிக் ஜேசிபி, வளையல், பலூன்
எல்லாம் ஒரே குழம்பாகிப்
பதினான்காம் தூணைக் கட்டிக்கொண்டு
ஒன்றரை மணி நேரம்.
பிறகு தீயணைப்பு வண்டி வந்தது.
கோயில் குளத்தில் குழாயை இறக்கினார்கள்.
மாசிக் குளத்துத் தண்ணீர்,
கை வைத்தால் விறைக்கும்.

சித்திரையில் நான் தஞ்சாவூரிலிருந்து
ஒரு பெட்டியோடு போனேன்.
தூணின் இருபுறமும் கிரீஸ் தடவி
காதுக்கு எட்டாத ஒலியை
இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் பிடிக்கும் பெட்டி.
பதிமூன்றாம் தூணில் நூற்றிருபது மைக்ரோ நொடி.
பதினான்கில் முன்னூற்றுப் பத்து.
ஒரே தடிமன், ஒரே கல்.
நேரே போகவேண்டிய ஒலி
உள்ளே எத்தனையோ வாய்க்கால்களைச்
சுற்றிக்கொண்டு வருகிறது.

"விரிசலே தெரியலையே மேடம்,
கரியைத் துடைச்சாப் போதுமே" என்றார் செயல் அலுவலர்.

உள்ளே மூன்று குடித்தனம் சார்,
குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், மைக்கா.
நடுச்சுவர் மூவருக்கும் பொது.
கோடி வருஷம் சத்தமில்லாமல் இருந்தார்கள்.
சூடு வந்தால் ஒவ்வொருவரும் அவரவர் அளவுக்குப் பெருப்பார்கள்.
குவார்ட்ஸ்தான் அதிகம்;
ஐந்நூற்று எழுபத்து மூன்று டிகிரியில்
திடீரென்று புரண்டு வேறு மாதிரி படுக்கும்.
வெளியாள் யாரும் வந்து இடிக்கவில்லை.
பக்கத்து வீடு பருத்ததில் சுவர் பிளந்தது.
அந்த நேரம் பார்த்துத் தண்ணீர்:
மேல்தோல் சுருங்குகிறது,
உள்ளே இன்னும் விம்முகிறது.

இதில் பாதிதான் சொன்னேன்.
அவர் போனை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

உத்திராபதி அதுவரை
கோபுர வாசல் தாண்டி உள்ளே வரவில்லை.
வந்து, தூணைத் தொடாமல் கேட்டார்:
"சூடு ஆறி ரெண்டு மாசம் ஆச்சு.
இது ஆறிடுமாம்மா?"
ஒரே சொல்.
நடுவில் ஏதோ ஒன்று மாறியிருந்தது.

"வயலும்தான் வெடிச்சுக் கிடக்கு.
செருப்பு விழுந்தா எடுக்க முடியல.
மேட்டூர்லேர்ந்து தண்ணி வந்தா
தானா மூடிக்குதே."

"அது களிமண்ணுங்க" என்றேன்.
அதற்கு மேல் எனக்கு வரவில்லை.

பத்து ஜாக்கி, இரும்புத் தகடு,
உடனே முட்டுக் கொடுக்கவும் என்று எழுதினேன்.

ஆடியில் மறுபடி போனேன்.
வழியெல்லாம் வாய்க்கால் நிறைந்து ஓடியது.
செருப்பை விழுங்கிய வயலில்
முழங்கால் உயரத்துக்குக் குறுவை;
வெடிப்பு எங்கே இருந்ததென்று
வயலுக்கே ஞாபகமில்லை.

மண்டபத்தில் ஆறு ஜாக்கி வந்திருந்தன.
பதினான்காம் தூணில்
நான் விட்டுப்போன இரண்டு கிரீஸ் வட்டத்திலும்
யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள்.
கீழே ஒரு கிள்ளு கதம்பம், காய்ந்து.

மன்னிக்கச் சொல்லிவிட்டுத் துடைத்தேன்,
யாரிடம் சொன்னேனோ.
மூன்று முறை வைத்துப் பார்த்தேன்.
முன்னூற்றுப் பதினெட்டு.

எதிர்ச்சாரியில் தகரக் கூரை போட்ட புதுக்கடை.
உத்திராபதி சாவி கொடுத்துவிட்ட குரங்கு
இரண்டு கையாலும்
தாளம் தட்டிக்கொண்டிருந்தது.