மூன்று மணிக்கு எரிந்த விளக்கு

எங்கள் பள்ளத்தாக்கு மண்ணில் அயோடின் கிடையாது.
எந்தக் காலத்துப் பனியாறோ அதைக் கழுவிக்கொண்டு போய்
கடலில் கொட்டிவிட்டது.
ஆப்பிள் காய்க்கும். புல் தழைக்கும். பசு கறக்கும்.
பிள்ளைகளின் கழுத்து மட்டும்
விழுங்க மறந்த கவளம் போலப் புடைத்திருக்கும்.

ஹோபார்ட்டிலிருந்து வந்த அதிகாரி
என் ரொட்டிக்கடை மேசையில் ஒரு தகர டப்பாவை வைத்தார்.
"மாவோடு சேர்க்கும் பொடியிலேயே கலந்திருக்கிறது.
ருசி மாறாது. நிறம் மாறாது.
வாங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது."
அந்தக் கடைசி வாக்கியம் எனக்குப் பிடிக்கவில்லை.
ஆனாலும் கலந்தேன்.
என் மகன் ட்ரெவருக்கு அப்போது பதினொரு வயது,
சட்டையின் மேல் பொத்தான் பூட்டவே பூட்டாது.

அந்த வருஷம்தான் மெர்ல் டாட்னெல்
ஒரு நாளைக்கு நூற்றிருபது பெட்டி கட்டினாள்.
சிப்பக் கொட்டகையில் முப்பத்தெட்டு வருஷம் இருந்தவள்,
கழுத்தில் பச்சைத் துண்டு,
துண்டுக்கு அடியில் ஒரு குரோஃப்டன் ஆப்பிள் அளவுக்குக் கட்டி.
அது யாரையும் தொந்தரவு செய்ததில்லை,
அவளையும்.
காகிதத்தை எடுப்பதும் பழத்தைச் சுற்றுவதும்
கண்ணுக்குச் சிக்காத வேகம்.
மேஸ்திரி கைதட்டினார்.
இருபது வயதுப் பெண்களைக் கூப்பிட்டு
அறுபத்தொரு வயதுக்காரியைப் பார்க்கச் சொன்னார்.

நான் அதிகாலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டுகிறவன்.
இத்தனை வருஷமும்
எனக்கும் நாய்களுக்கும் மட்டுமே சொந்தமாயிருந்த நேரம் அது.
திடீரென்று எதிர்ச் சாரியில் ஒரு ஜன்னல்,
மஞ்சள் வெளிச்சம்,
மெர்ல் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.
மறுநாளும் அதே அலமாரி.
நான் மாவுக் கையை உயர்த்துவேன்,
அவளும் துணியை உயர்த்துவாள்.
உள்ளதைச் சொல்கிறேன்: எனக்கு அது சந்தோஷமாக இருந்தது.
அவளுக்கு அடுத்த ரொட்டியைப் பிசைந்துகொண்டே
அந்த வெளிச்சத்தைத் துணை என்று நினைத்தேன்.

இலையுதிர் காலத்தில் பாவாடைக்கு ஊக்குப் போட்டுக்கொண்டு வந்தாள்.
சில்லறையை எண்ணும்போது
காசுகள் கல்லாப் பலகையில் தாளம் போட்டன.
"கோழிக்குஞ்சை விழுங்கிவிட்டேன் போல,
இங்கே ஒரே படபடப்பு" என்று
நெஞ்சைத் தொட்டுச் சிரித்தாள்.
இன்னொரு ரொட்டி கேட்டாள். பசியாம். எந்நேரமும் பசி.
கொடுத்தேன்.

டாக்டர் பெதரிக் கடைக்கே வந்து சொன்னார்:
"நாற்பது வருஷம் பட்டினி கிடந்த கட்டி அது.
யார் சொல்லையும் கேட்காமல் பிழைக்கக் கற்றுக்கொண்டது.
இப்போது சோறு வந்துவிட்டது,
போதும் என்று சொல்ல உள்ளே ஆளில்லை."
அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை.
அரை ரொட்டி வாங்கிக்கொண்டு போனார்.

அன்றைக்கு ட்ரெவரின் மேல் பொத்தான் பூட்டியது.
ஒரே மாவு.
ஒரே கரண்டி.

பொடி போடாமல் ஒரு ரொட்டி தனியாகச் சுட்டு,
துணியில் சுற்றிக் கொண்டுபோனேன்.
வாசற்படியில் நின்று, நடுங்கும் கையில் வாங்கிப் பார்த்தாள்.
"எனக்குத் தெரியாமல் கொடுத்தாய்,
எனக்குத் தெரியாமல் எடுக்கவும் போகிறாயா?"
நான் பேசவில்லை.
"அந்தப் பொடியைக் காட்டு."
காட்டினேன். விரலில் தொட்டு நக்கினாள்.
"ஒன்றுமே இல்லையே," என்றாள் ஏமாற்றத்தோடு.

முதலில் மாத்திரைகள். பிறகு ஹோபார்ட்டில்
ஒரு கண்ணாடித் தம்ளரில் ஏதோ குடிக்கக் கொடுத்தார்கள்.
அதுவும் அயோடின்தானாம், வேறு ரகம்,
உள்ளே போய்க் கட்டியைச் சுட்டுவிடுமாம்.
திரும்பி வந்தவளிடம் பழைய நிதானம்.
சில நாள் அதற்கும் மேலே,
ஸ்வெட்டரின் மேல் ஸ்வெட்டர்.
குறைந்ததை ஈடுகட்ட
காலையில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை, ஆயுசுக்கும்.
பெட்டி எண்பதைத் தாண்டவில்லை.
மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது பள்ளிக்கூட வரிசையில்
பிள்ளைகளின் கழுத்துகள் வழவழவென்று இருக்கின்றன.
எதிலிருந்து தப்பினோம் என்று அவர்களுக்குத் தெரியாது,
தெரியவும் வேண்டாம்.
நான் டப்பாவின் மேல் ஒரு சீட்டு ஒட்டி
கல்லாப் பக்கம் வைத்திருக்கிறேன்,
என்ன கலக்கிறேன் என்று பெரிய எழுத்தில்.
யாரும் படிப்பதில்லை. மெர்ல் மட்டும்
ஒவ்வொரு தடவையும் படிக்கிறாள்,
புதிதாகப் படிப்பதுபோல, உதடு அசைய.

மூன்று மணி. அடுப்பு மூட்டியாயிற்று.
எதிர்ச் சாரி ஜன்னல் இருட்டாக இருக்கிறது.
தூங்குகிறாள்.
பழக்கதோஷம்,
மாவுக் கையை உயர்த்துகிறேன்.