தங்கூசி

கழுத்துக்கு ஒன்று, கத்தி பிடித்த கைக்கு ஒன்று.
தங்கூசியின் மறுமுனைகள் என் விரல்களில்.
கட்டிலுக்குக் கீழே மல்லாந்து கிடக்கிறேன்.
இந்தப் படத்தின் பேய் நான்தான்.
மூக்கில் தும்மல் முட்டுகிறது.

ஓர்ஸ்ஹில்லில் ஆளில்லாத வீடு. நாளுக்கு நாலாயிரம்.
முசம்மில் நானா முற்காசை எண்ணி மடித்து
"சுவத்துல ரெத்தம் பட்டா நீங்கதான் பெயின்ட் அடிச்சுத் தரணும்" என்றார்.
ரத்தம் என்பது பீட்ரூட், கோதுமைமா, கொஞ்சம் சீனி.
மூன்றாம் நாள் புளித்தது. எறும்புகள் வந்து
செத்த தபால்காரனின் கழுத்தில் வரிசைகட்ட
செத்தவன் எழும்பி ஓடினான்.

ஏன் முதலில் தபால்காரன் என்று கேட்டேன்.
"கடைசியா எப்ப உனக்குக் கடிதம் வந்தது?" என்றான் கிருசாந்.
அதற்கு மேல் கதையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

பாவைப்பிள்ளைக்கு லில்லி என்று பெயர்.
ஜெர்மனிப் பார்சலில் அவன் தங்கைக்கு வந்தது;
தங்கை இப்போது பெரியாஸ்பத்திரியில் நேர்ஸ்.
சாய்த்தால் இடக்கண் மூடும். வலக்கண் மூடாது.
அந்த ஒற்றைக் கண்ணுக்காகவே நாற்பது நிமிடப் படம்,
ஆறு கொலை.
உதிர்ந்த முடிக்குப் பதில் தும்பு ஒட்டி, தேயிலைச் சாயத்தில் நனைத்து
முற்றத்தில் காயவைத்த இரவு
மான்கள் வந்தன.
கடற்கரையில் சோற்றுப்பார்சல் தாள் தின்று பழகிய
நகரத்து மான்கள்.
விடிய, லில்லியின் பாதித் தலை மொட்டை.
கிருசாந் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.
"இப்பதான் எனக்கே பயமாக் கிடக்கு."

ஆறாவது கொலை தர்மினி.
அநுராதபுரச் சந்தி லீசிங் கம்பனியில் கணக்குப் பார்ப்பவள்,
அரைநாள் லீவில், ஒபிஸ் சாரியோடு வந்தாள்.
கட்டில் விளிம்பில் கத்தி எழும்பும்போது
வீடு அதிரக் கத்தவேண்டும். அவ்வளவுதான் அவள் வேலை.

நான் விரலை மடக்கினேன். கத்தி எழுந்தது.

சத்தமில்லை.
சாரிக் கரை தரையில் மடிந்தது. முழங்கால்கள் தெரிந்தன.
யன்னல் மட்டத்துக்குக் கீழே குந்தி
சுவரோடு முதுகை ஒட்டித்
தன் வாயைத் தானே பொத்தினாள்.
பிறகு முழங்கையால் ஊர்ந்தாள், தலை நிமிர்த்தாமல்,
அந்த வீட்டை முன்பே இருட்டில் அறிந்தவள்போல.
வந்து
மற்றக் கையால்
லில்லியின் வாயைப் பொத்தினாள்.

என் விரல்களில் தங்கூசி இறுகி வெட்டியது.
இழுத்தது நானில்லை.

எவ்வளவு நேரமோ. "கட்" சொல்ல ஒருவருக்கும் நா எழவில்லை.
ஹெட்போனைக் கழற்றிய ரிஸ்மி
"ஒண்டுமே விழல்ல" என்றான்.
"கடல். அவங்கட மூச்சு. அதுவும் மூக்கால."

எழுந்து சாரியைத் தட்டிக்கொண்டாள்.
"சொறி. இன்னொருக்காச் செய்யட்டா?"
எட்டுத்தரம் செய்தோம்.
எட்டாம் தரம் வாய் திறந்தது, நல்லாவே திறந்தது,
பல் டொக்டரிடம் திறப்பதுபோல.
எந்த ஊர், எந்த வருசம் என்று யாரும் கேட்கவில்லை.
பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தோம்.
நாலரை பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

கத்தலை ரிஸ்மியின் மதினி குளியலறையில் நின்று கத்தித் தந்தார்.
தரமான கத்தல்; பக்கத்து வீட்டார் கதவைத் தட்டினார்கள்.
கிருசாந் அதை ஐந்து பிணத்துக்கும் போட்டான்,
தபால்காரன் உட்பட.
ஆறாவதற்குப் போடவில்லை.

திரையிட்ட அன்று மண்டபத்தில் பிள்ளைகள்
மொட்டைப் பாவையைக் கண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.
ஆறாவது கொலை வந்தது.
பின்வரிசையில் ஒரு பெண்குரல், அடங்கி, யாரையோ அதட்டுவதுபோல:

"லாம்பை நூருங்கோ."

மண்டபம் ஏற்கெனவே இருட்டு.