வெட்டாதேங்கோ

கொக்குவில் றெயில் கடவையிலை
ஸ்கூட்டி சறுக்கி விழுந்தவள் சுகிர்தா.
மழை இல்லை, ஒண்டுமில்லை.
ஆரோ சிந்திப்போட்டுப் போன ஒயில்.

வலது மணிக்கட்டு உடைவு.
முழங்காலிலை துணியும் தோலும் ஒண்டாய்க் கிழிஞ்சு ரத்தம்.
பெரியாஸ்பத்திரியிலை
மிஸ் கத்திரிக்கோலோடை கிட்ட வர
“வெட்டாதேங்கோ!” எண்டு கத்தினவளாம்.
ஊசிக்குக் கத்தாதவள்,
எலும்பைப் பிடிச்சு நேராக்கேக்கை
பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடந்தவள்.
“ஏழாயிரத்து ஐஞ்ஞூறு, மிஸ்.
என்ரை காசிலை எடுத்தது.
நானே கழட்டுறன்.”
ஒற்றைக் கையாலை
ஒரு கால், பிறகு மற்றக் கால்,
கட்டில் விளிம்பிலை சாஞ்சு சாஞ்சு
கால் மணித்தியாலம்.
மிஸ் கத்திரிக்கோலை மேசையிலை வைச்சிட்டுத்
திரையை இழுத்து மூடினவவாம்.
நான் அப்ப வெளியிலை
துண்டுக்கு வரிசையிலை நிண்டனான்.

இப்ப அது கிணத்தடியிலை
வாளிக்குப் பக்கத்திலை கிடக்குது.
நான் குந்தி இருக்கிறன்.

“சுடுதண்ணி வேண்டாம், ரத்தம் ஊறிப்போயிடும்.”
யன்னலுக்குள்ளாலை குரல் வருகுது.
“உள்வளம் வெளியாலை புரட்டினியளோ?
பொத்தானைப் பூட்டிப்போட்டு ஊறவையுங்கோ.
பிரஷ் போடாதேங்கோ. கல்லிலை அடிக்காதேங்கோ.
பிழிஞ்சியளோ, பிறகு நான் கதைக்கமாட்டன்.”
எத்தினை பிரிட்ஜ் கழட்டிப் பூட்டின கை இது.
ஒரு களிசானுக்கு இவ்வளவு சட்டமெண்டு
ஆருக்குத் தெரியும்?

எங்கடை கிணறு கல்லுத்தண்ணி.
கேத்தில் அடியிலை வெள்ளைப் பொருக்கு,
சோப்பு நுரைக்கிறதுக்கு யோசிக்கும்.
“ஒரு மூடி வினாகிரி விடுங்கோ” எண்டாள்.
விட்டன்.
கிணத்தடி முழுக்க அச்சாறு மணந்தது.

முதல் வாளியிலை நீலம் வந்தது,
பள்ளிக்கூடச் சட்டைப் பொக்கெற்றிலை
பேனை கக்கின மாதிரி.
ரத்தம் சிவப்பாய் வரேல்லை.
முழங்கால் பக்கத்தைப் பெருவிரலாலை தேய்க்கத் தேய்க்க
ஆறின தேத்தண்ணிச் சாயம் போலை
மெல்ல மெல்ல விட்டது.
இரண்டாம் வாளி. மூண்டாம் வாளி.
துணி ஒரு ஆள் பாரம்.
தூக்கேக்கை நாரி பிடிச்சது.

குட்டிப் பொக்கெற்றுக்குள்ளை ஏதோ தட்டுப்பட்டுது.
அஞ்சு ரூபாய்க் குத்தி ஒண்டு.
அதோடை நாலாய் மடிச்ச கடதாசி,
ஊறி, மை பரவி.
ஸ்கூட்டிக் கட்டுக்காசுத் துண்டு.
தொகை அழிஞ்சுபோச்சு.
திகதி தெரியுது:
விழுந்த நாள்.

அந்த மாதம் நான் கட்டுறதெண்டுதான் இருந்தது.
நாளைக்கு, நாளைக்கு எண்டு
மறந்தவன் நான்.
மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலை ஓடிப்போய்க்
கட்டிப்போட்டுத் திரும்பி வந்திருக்கிறாள்.
வாட்டிலை கிடந்த ரெண்டு நாளும்
இதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

கொடியிலை கால் ரெண்டும் மேலை, இடுப்புக் கீழை,
மாமர நிழலிலை கொழுவினன்.
வெயில் பட்டால் நிறம் போயிடுமாம்.
மதிலுக்கு அங்காலை புவனேசக்கா எட்டிப் பாத்தா.
“ஆர் தம்பி வந்து நிக்கினம், கனடாவாலையோ?
பெடியன்ரை ஜீன்ஸ் காயுது?”
“மனிசியின்ரை, அக்கா.”
“ஓ.”
அந்த ஓ மதில்மேலை கொஞ்சநேரம் இருந்திட்டு
இறங்கிப் போச்சு.

கிழிசலைத் தைக்கட்டோ எண்டு கேட்டன்.
“விடுங்கோ, காசு குடுத்தெல்லோ
சனம் கிழிச்சு வாங்குது” எண்டாள்.
கை கட்டு வெட்டப் போகேக்கை
இதைத்தான் போடுவாளாம்.
“அந்த இரும்புப் பொத்தானை ஒற்றைக் கையாலை பூட்டேலாது.”
“நீங்கள் இருக்கிறியள்தானே?”

துண்டைக் கிழியாமல் விரிச்சு
ஜீன்ஸுக்குப் பக்கத்திலை
ஒரு கிளிப்பிலை கொழுவினன்.
கச்சான் காத்து.
ரெண்டும் ஆடுது.
கீழை சீமெந்திலை நீலம் சொட்டுச் சொட்டாய் விழுகுது.

யன்னலுக்குள்ளாலை பாத்தாள்.
பாத்தது எனக்குத் தெரியும்.

“பிழிஞ்சனியளோ?”

“இல்லை.”