விலகினால்

ஞாயிற்றுக்கிழமை. பி.என். ரோட்டுப் பக்கம் கரண்ட் இல்லை.
குப்புராஜ் அண்ணன் யூனிட்டின் மாடியில்
கட்டிங் டேபிள்தான் எங்கள் மலைக்கணவாய்.
மார்க்கர் பேப்பரில் ஆறு, ஆற்றின்மேல் பாலம்,
பாலத்தில் பூதம்: காலியான நூல்கோன்.
அதன் குட்டிகள் சட்டைப் பட்டன்கள்.
நான் ஈட்டிக்காரி. நீலப் பட்டன்,
ஓரம் விண்டது.

குப்புராஜ் கேடயத்தால் முட்டினார்.
உருட்டியதில் பதினெட்டு.
கோன் ரெண்டு கட்டம் அக்கட்டால போயிற்று.
இருபதுமுகக் காயைக் கையில் எடுத்துவிட்டேன்:
'என் எட்டைத் தாண்டிருச்சு. ஒரு குத்து எனக்குங்க.'

'இல்லீங்' என்றாள் லோகேஸ்வரி.
விதிகளைத் தமிழாக்கி
இன்வாய்ஸ் தாள்களின் முதுகில் எழுதி வைத்திருப்பவள் அவள்.
செல்போன் வெளிச்சத்தில் வாசித்தாள்:
'எட்டை விட்டு விலகும் பகைவனை
ஒருமுறை தாக்கலாம்.
விலகும்னுதான் இருக்குது.
அது விலகலை. நீங்க விலக்குனீங்க.'

நவ்சாத் எங்கள் திருடன்,
வாரநாளில் டையிங்கில் கலர் மேட்சிங்.
எனக்காக வாதாடினான்:
'மழையில செவுரு விழுந்தா
விழுந்துச்சுன்னுதான சொல்றோம்?
மழை தள்ளுச்சுன்னு யாரு சொல்றா?'
'செவுத்துக்குக் காலில்லை.'
'கோனுக்கு மட்டும் இருக்குதா?'
சிரித்த சிரிப்பில் பூதக்குட்டி ஒன்று
டேபிளுக்கடியில் உருண்டு போனது.

ஒரு மணிநேரம் இப்படியே.
வழுக்கி விழுந்தால்?
காற்று அடித்துக்கொண்டு போனால்?
மந்திரத்தில் மயங்கித் தன் காலாலேயே நடந்தால்?
இதற்கு லோகேஸ்வரியே சித்த நேரம் பேசவில்லை.
பேனா மூடியைக் கடித்தாள்.
'காலு அதோடது. நடை அதோடதில்லை.
அடுத்த வாரம் சொல்றேன்.'

'எப்படிப் போனா என்ன,
போனது போனதுதான' என்றேன் நான்.
சொல்லி முடிக்குமுன்பே
எங்கேயோ கேட்ட வாக்கியமாக இருந்தது.

பங்குனியில், பழைய கம்பெனியின் ஆபீஸ் ரூமில்,
பி.எஃப். படிவத்தில் எனக்காக அவர்களே டிக் போட்டிருந்தார்கள்:
தானாக விலகினார்.
'எப்படிப் போனா என்னம்மா' என்றார் அந்த ஆள்
பேனாவை என் பக்கம் திருப்பி வைத்து.
ஏசி குளிர். கையெழுத்துக் கோணலாய் விழுந்தது.

காயைக் கீழே வைத்தேன்.
'வேண்டாமுங். லோகு சொல்றதுதான் சரி.'
நவ்சாத் பார்த்த பார்வை,
கட்சிக்காரியே காலை வாரிய வக்கீலின் பார்வை.

அடுத்தது பூதத்தின் முறை.
அதுவாகவே, தன் காலால், பாலத்துக்குத் திரும்பி வந்தது.
லோகேஸ்வரி உருட்டினாள். பத்தொன்பது.
ஒன்பது உயிர்ப்புள்ளி போயிற்று எனக்கு.
'எட்டுக்குள்ள வந்துருச்சே,
இதுக்கொரு குத்து உண்டுங்களா?'
தாளைப் புரட்டிப் பார்த்தாள்.
'வரும்போது இல்லீங். போகும்போதுதான்.'

கரண்ட் வந்தது.
கீழே யாரோ அணைக்காமல் விட்டுப்போன
ஓவர்லாக் மோட்டார் உறுமியது.
டேபிளுக்கடியில் நவ்சாத்
இன்னும் அந்தப் பட்டனைத் தேடிக்கொண்டிருந்தான்.